சுமப்பாரைக் காப்பார் யார்?

நம் குழித்துறை வட்டாரத்தில் செவிலியர் பணிக்குப் பிள்ளைகளை அனுப்பிய இல்லங்கள் பல. பிறர் நோய் தீர்க்கச் சென்றவரின் உயிருக்குக் காவல் யாது என்னும் கவலை அவ்வில்லங்களில் எழாமல் இராது. அதனை எண்ணுந்தோறும் நம் நினைவில் நிற்பவர் சாவித்திரிபாய் பூலே அம்மையார் ஆவார்.

சத்தாரா மாவட்டம் நைகானில் 1831 சனவரி 3ஆம் நாள் பிறந்த அம்மையார், ஒன்பதாம் அகவையில் சோதிராவ் பூலேயை மணந்தார். கணவரிடமே கல்வி கற்றார். 1848இல் இருவரும் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதை நாடறியும். அவர்தம் இறுதி நாட்களையே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் விரைவில் புனேயையும் பற்றியது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அறுபத்தாறு வயதை எட்டிய அம்மையாரோ, மருத்துவரான வளர்ப்பு மகன் யசுவந்தை வரவழைத்து, நகருக்கு வெளியே மருத்துவமனை அமைத்தார். நோயாளரைத் தாமே தேடிச் சென்று அழைத்து வந்தார். முந்த்வாவில் நோயுற்றுக் கிடந்த சிறுவன் ஒருவனை முதுகில் சுமந்து வந்து சேர்த்தார். சிறுவன் பிழைத்தான், சுமந்தவரை நோய் பற்றியது. 1897 மார்ச் 10ஆம் நாள் அம்மையார் மறைந்தார். யசுவந்தும் 1905இல் பிளேக் நோயாளருக்குத் தொண்டு செய்கையில் அந்நோய்க்கே இரையானார்.

பிளேக் கிருமியை 1894இல் ஆங்காங்கில் யெர்சின் கண்டறிந்திருந்தார். ஆயினும் எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகிறது என்பதைச் சிமோண்டு கராச்சியில் கண்டது 1898இல்தான். எதனின்றும் தம்மைக் காத்துக்கொள்வது என்பதை அறியவியலாத காலத்தில் அம்மையார் தொண்டாற்றினார். பின்னர் 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்தே, பஞ்சும் மெல்லிய துணியும் கொண்ட முகக்கவசத்தை மருத்துவப் பணியாளர் அணியச் செய்தார். அதனை ஏற்க மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாட்களில் அந்நோயால் மாண்டார்.

இன்று கையுறையும் முகக்கவசமும் உள. மஞ்சட்காமாலை பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. பயன்படுத்திய ஊசியைக் கையில் குத்தாமல் இடுதற்குத் தனிப் பெட்டி உண்டு. இவை மருத்துவருக்குக் கிடைப்பது போன்றே இரவுப் பணிச் செவிலிக்கும், வார்டைக் கூட்டும் பணியாளருக்கும் கிடைத்தல் வேண்டும். கிடைக்காவிடில் கேட்டுப் பெறுதல் உரிமையே. நாளை அப்பணி ஏற்கவிருக்கும் மாணாக்கியர் இதனைக் கூச்சமின்றிக் கேட்பாராயின், அதுவே நாம் அம்மையாருக்குச் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.