கார்னிவலுக்குப் போட்டியாக ஒரு பிக்னிக்: ரோம் நகரைப் பாட வைத்த பிலிப் நேரி யார்?

டிசம்பர் வந்துவிட்டால் போதும், ஹேண்டலின் மெசையாவில் வரும் அல்லேலூயா கோரஸ் மால்களிலும் ரீல்ஸிலும் ஒலிக்க ஆரம்பித்துவிடும். அது எந்த வகை இசை என்று தேடினால் ஓரடோரியோ என்று வரும். நடிப்பு, உடை அலங்காரம் எதுவும் இல்லாமல், பாடகர்களும் வாத்தியக் குழுவும் மட்டும் சேர்ந்து ஒரு புனிதக் கதையைப் பாடிச் சொல்வதுதான் அது. சரி, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஓரடோரியோ என்றால் இத்தாலிய மொழியில் ஜெபக்கூடம். ரோம் நகரில், 16-ம் நூற்றாண்டில், ஒரு சர்ச்சின் மேல்தளத்தில் நடந்த கூட்டம்தான் அந்தச் சொல்லை இசை உலகத்துக்குக் கொண்டுபோனது. அதை நடத்தியவர் பிலிப் நேரி.

1515 ஜூலை 21 அன்று ஃபிளாரன்ஸில் பிறந்தவர். அங்கே சான் மார்கோ மடத்துத் துறவிகளிடம்தான் அவருடைய ஆரம்ப ஆன்மிகப் பாடம். அந்த மடத்துக்கு ஒரு கனமான வரலாறு உண்டு. பிலிப் பிறப்பதற்குச் சுமார் 18 வருஷம் முன்பு, அதே மடத்தைச் சேர்ந்த சவனரோலா, கார்னிவல் கொண்டாட்டத்துக்கு மாற்றாக ஊர் நடுவே பெரிய தீ மூட்டச் சொன்னார். சீட்டுக்கட்டு, முகமூடி, கண்ணாடி, ஓவியம், இசைக்கருவி எல்லாம் அதில் போனது. சுற்றி நின்ற சிறுவர்கள் பக்திப் பாடல் பாடினார்கள். அடுத்த ஆண்டே சவனரோலாவும் மரண தண்டனை பெற்று, அவருடைய உடலும் அதே சதுக்கத்தில் எரிக்கப்பட்டது.

பிலிப் கடைசிவரை சவனரோலாவை மதித்தவர். ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் பாடல்களை மட்டும்தான்.

வங்கி ஊழியர்களைத் தேடிப் போனவர்

18 வயதில் உறவினர் ஒருவரிடம் வியாபாரம் பழகப் போனார். சரிப்படவில்லை. கையில் காசில்லாமல் ரோமுக்கு வந்து, ஃபிளாரன்ஸ்காரர் ஒருவர் வீட்டில் அவருடைய பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தங்க இடமும் சாப்பாட்டுக்கு மாவும்தான் சம்பளம். தத்துவமும் இறையியலும் படித்தார். பிறகு புத்தகங்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். இரவுகளில் ஊருக்கு வெளியே இருந்த சான் செபஸ்தியானோ நிலத்தடிக் கல்லறைகளில் தனியாக ஜெபம். பகலில் தெருக்களில் அரட்டை.

அந்த அரட்டைதான் அவருடைய ஊழியம். வங்கிகளிலும் கடைகளிலும் வேலை பார்த்த இளைஞர்களிடம் போய் நிற்பார், ஜோக் அடிப்பார், பேச்சோடு பேச்சாக, எப்போது நல்ல காரியம் ஏதாவது செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிடுவார். பாதிரியார் ஆனது 1551-ல், 36 வயதை நெருங்கும்போதுதான். அதுவும் தன்னுடைய ஆன்மிக வழிகாட்டி வற்புறுத்தியதால்.

சான் ஜிரோலாமோ சர்ச்சில் அவருக்கு ஒரு சின்ன அறை. மதிய ஓய்வு நேரத்தில் இளைஞர்கள் சும்மா சுற்றி வம்பில் மாட்டுகிறார்கள் என்று அவர்களை அங்கே கூப்பிட ஆரம்பித்தார். ஏழெட்டு பேர் கட்டிலிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஏதாவது வாசிப்பார், மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள், பாட்டோடு முடியும். பெரிய பிரசங்கம் கிடையாது. பாதிரியார் அல்லாத சாதாரண ஆட்களும் எழுந்து பேசலாம்; அன்றைக்கு இது பெரிய விஷயம். கூட்டம் பெருகியதும் சர்ச்சின் மேல்தளத்தில் இடம் கேட்டு வாங்கி ஜெபக்கூடம் ஆக்கினார்கள்.

தூத்துக்குடிக் கரையிலிருந்து போன கடிதங்கள்

இங்கே தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1542 முதல் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவ மக்களிடையே வேலை செய்தவர் பிரான்சிஸ் சவேரியார். அவரும் அவருடைய சபையினரும் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்கள் ஐரோப்பாவில் அச்சாகிப் பரவின. பிலிப்பின் ஜெபக்கூடத்திலும் அவை வாசிக்கப்பட்டன. கேட்டவர்களுக்கு ரத்தம் சூடாகிவிட்டது. பிலிப்போடு சேர்த்து சுமார் 20 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறத் தயாரானார்கள்.

அவசரப்படாமல், ரோமுக்கு வெளியே த்ரே ஃபொன்டானே மடத்தில் இருந்த ஒரு துறவியிடம் யோசனை கேட்டார் பிலிப். சில நாள் கழித்து வந்த பதில், அவருடைய இந்தியா ரோமில்தான் இருக்கிறது என்பது. அதோடு பயணத் திட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு சுமார் 40 வருஷம், சாகும்வரை, அந்த ஊரை விட்டு அவர் எங்கும் குடிபோகவில்லை.

போப்பாண்டவரின் ஊரில் ஊழியம் செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ரோம் கார்னிவலைப் பார்த்தால் புரியும். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய அந்த நாட்களில் முகமூடி, குடி, அடிதடி எல்லாம் உண்டு. கோர்சோ சாலையில் குதிரைகளை ஓடவிட்டார்கள். யூதர்களையும் கட்டாயப்படுத்தி ஓடவிட்டு, ஊரே நின்று சிரித்தது. 1555-ல் யூதர்களைத் தனிச்சுவருக்குள் அடைத்ததும் இதே ரோம்தான்.

கார்னிவலைத் தடை செய்யும் அதிகாரம் பிலிப்புக்கு இல்லை. திட்டிப் பிரசங்கம் செய்யும் பழக்கமும் இல்லை. அதே நாளில் அவர் வேறொரு விழா நடத்தினார். ரோமின் ஏழு பெரிய தேவாலயங்களையும் நடந்தே சுற்றி வரும் யாத்திரை அது, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வழியெல்லாம் பாட்டு. நடுவில் ஒரு தோட்டத்தில் எல்லோரும் புல்லில் உட்கார்ந்து ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, பழம், கொஞ்சம் வைன். சாப்பிடும்போது வாத்தியக் கச்சேரி. பிரபுவும் தையல்காரரும் பக்கத்தில் பக்கத்தில். 30 பேரோடு தொடங்கியது, வருஷங்கள் போகப்போக ஆயிரக்கணக்கில் ஆனது.

கூட்டம் கூடினால் சந்தேகமும் கூடும்

1559. மதவிசாரணை மன்றம் உச்சத்தில் இருந்த சமயம். ஒரு பாதிரியார் பின்னால் இத்தனை பேர் தெருவில் பாடிக்கொண்டு போவது ரோமின் விகாரான கர்தினால் ரொசாரியோவுக்கு உறுத்தியது. தனிப் பிரிவு தொடங்குகிறார், புகழுக்கு ஆசைப்படுகிறார் என்று பிலிப்பைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். இரண்டு வாரம் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது, ஊர்வலம் போகக் கூடாது என்று உத்தரவு. பிலிப் எதிர்த்துப் பேசவில்லை, நிறுத்திவிட்டார். அந்தக் காலத்தில் இதெல்லாம் சும்மா மிரட்டல் இல்லை. அடுத்த கட்டம் சிறையாகவும் இருந்திருக்கலாம். விசாரணை முடிவதற்குள் அந்த கர்தினால் திடீரென்று இறந்துபோனார். தடையும் விலகியது. பத்து வருஷம் கழித்து இன்னொரு போப் காலத்திலும், ஜெபக்கூடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு வர ஆட்கள் அனுப்பப்பட்டார்கள்.

வெளியிலிருந்து வந்த சிக்கல் இது. உள்ளே இன்னொன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதுதான் இசை.

ஜெபக்கூடத்தில் பாடியது லாவ்தா என்ற வகை. லத்தீன் இல்லை, சாதாரண இத்தாலிய மொழி. பல பாடல்களுக்கு ஊரறிந்த காதல் பாட்டு மெட்டு. சினிமா மெட்டில் பக்திப் பாட்டு எழுதுவதுபோலத்தான். யார் வேண்டுமானாலும் கூடவே பாடலாம். இவற்றை ஒழுங்குபடுத்தியவர் ஜியோவான்னி அனிமுச்சா. புனித பேதுரு பேராலயத்தின் இசை இயக்குநர், பிலிப்பைப் போலவே ஃபிளாரன்ஸ்காரர். 1563-ல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பு எளிமையானது. 1570-ல் வந்த இரண்டாவது தொகுப்பு அப்படி இல்லை. பெரிய மனிதர்களும் ஆயர்களும் வர ஆரம்பித்துவிட்டதால் சுருதிக் கோர்வைகளை வளமாக்கியிருப்பதாக அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார்.

ஆக, பாட வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க வந்தவர்கள் ஆனார்கள். இது வெற்றியா, நழுவலா? பிலிப் எதையும் எழுதி விளக்கும் ஆள் இல்லை. பாட்டைக் கேட்க வருகிறவன் பேச்சையும் கேட்டுவிட்டுப் போவான் என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்க வேண்டும். கோடையில் மொத்தக் கூட்டத்தையும் ஜனிகுலம் குன்றுக்குக் கூட்டிப்போய், மர நிழலில் ஒரு சிறுவனைப் பேச வைத்து, முன்னும் பின்னும் பாட வைப்பார்.

1575-ல் போப் 13-ம் கிரகோரி இந்தக் குழுவை முறையான சபையாக ஏற்று, வல்லிச்செல்லாவில் இருந்த பழைய தேவாலயத்தைக் கொடுத்தார். அதை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பரோச்சி வரைந்த மரியாள்-எலிசபெத் சந்திப்பு ஓவியம் அங்கே வந்தபோது, பிலிப் அதன் முன் மணிக்கணக்கில் தன்னை மறந்து உட்கார்ந்திருப்பாராம்.

அதற்குள் ஊரே அவரைப் புனிதர் என்று பேசத் தொடங்கிவிட்டது. அதைக் கெடுப்பதற்கென்றே பாதித் தாடியை மட்டும் மழித்துக்கொண்டு வெளியே வந்தார். சீடர்களையும் விடவில்லை. பின்னாளில் கர்தினாலாகி, திருச்சபை வரலாற்றை 12 பெரிய தொகுதிகளாக எழுதிய பரோனியோவை, ஒரு கல்யாண விருந்தில் எழுந்து நின்று துக்கப் பாட்டு பாடச் சொன்னார். பாவம், அவரும் பாடினார்.

1595 மே 26, நள்ளிரவு தாண்டி பிலிப் இறந்தார். வயது 79. உடலைப் பரிசோதித்த மருத்துவர்கள், இதயத்துக்கு மேலே இரண்டு விலா எலும்புகள் உடைந்து வெளிப்பக்கம் வளைந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். 1544-ல் கல்லறையில் ஜெபித்தபோது ஒரு நெருப்புப் பந்து நெஞ்சுக்குள் இறங்கியதாக அவர் சொல்லியிருந்ததோடு பக்தர்கள் இதைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, 1600 பிப்ரவரியில், கார்னிவல் சமயத்தில், வல்லிச்செல்லா ஜெபக்கூடத்தில் ஒரு இசை நாடகம் அரங்கேறியது. ஆன்மாவும் உடலும் வாதம் செய்யும் கதை. எழுதியவர் பிலிப்பின் சபைப் பாதிரியார் அகோஸ்தினோ மான்னி, இசை எமிலியோ தெ கவாலியேரி. உடை, நடிப்பு எல்லாம் இருந்ததால் இதை ஓபரா என்கிறவர்களும் உண்டு, முதல் ஓரடோரியோ என்கிறவர்களும் உண்டு. அடுத்த நூறு வருஷத்தில் ஓரடோரியோ தனி இசை வடிவமாகி, தவக்காலத்தில் தியேட்டர்கள் மூடியிருக்கும்போது ரோமின் பிரபுக்கள் வீட்டில் ரசித்துக் கேட்கும் கச்சேரியும் ஆகிவிட்டது. இளைஞன் ஹேண்டல் 1708-ல் ரோமில் ஒன்றை இயற்றியது அப்படி ஒரு மாளிகையில்தான்.

இதற்கு நடுவே, 1622 மார்ச் 12 அன்று, பிலிப் நேரிக்குப் புனிதர் பட்டம். அன்று பட்டம் பெற்றவர்கள் ஐந்து பேர். மற்ற நால்வரும் ஸ்பெயின் பக்கத்துக்காரர்கள். போப் இன்று நான்கு ஸ்பானியர்களுக்கும் ஒரு புனிதருக்கும் பட்டம் கொடுத்தார் என்று ரோம்வாசிகள் கிண்டலடித்தார்களாம். அந்த நால்வரில் ஒருவர், இந்தியாவிலிருந்து கடிதம் எழுதிய சவேரியார்.