சிவபாதசேகரன்

தஞ்சைப் பெருங்கோயிலைக் காணுந்தோறும் அதனை எடுப்பித்த மாமன்னன் முதலாம் இராஜராஜனை நினையாதார் இலர். ஆயின், அங்குள்ள கல்லெழுத்துக்களை ஊன்றிக் கற்பார்க்கு, மன்னனோடு ஒரு பெருந்தொண்டர் கூட்டமும் காட்சி தரும்.

சுந்தரசோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் சதய நன்னாளில் தோன்றிய இவனது இயற்பெயர் அருண்மொழி. தந்தை மறைந்தபோது தாயும் உடன் தீப்புகுந்தாள். செங்கல் தளிகளைச் செம்பியன் மாதேவியார் கற்றளிகளாக்கி வந்த காலத்தே இவன் வளர்ந்தான். குடிகள் வேண்டியும், சிறிய தந்தை உத்தமசோழன் அரசாள விரும்பியதால் அரியணையை இவன் விழைந்திலன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். பின்னர்க் கி.பி. 985-இல் முடிசூடினான்.

சேரரையும் பாண்டியரையும் வென்றான். ஈழத்தின் வடபகுதியையும் கைக்கொண்டான். சோழநாட்டு நிலத்தை நுணுக்கமாக அளப்பித்தான். எவ்வூரில் எத்துணை விளைநிலம், எத்துணை இறை என்பது இவ்வளவால் தெளிவாயிற்று. போரிற் பெற்ற பொன்னும், ஊர்கள் அளந்த நெல்லுமே பெருந்திருப்பணிக்கு ஆதாரமாயின.

காவிரி வண்டல் படிந்த தஞ்சையில் கருங்கல் இல்லை. தொலைவிலிருந்து கொணர்ந்த கற்களாலேயே ஏறக்குறைய 216 அடி உயரமுள்ள ஸ்ரீவிமானம் எழுந்தது. உச்சியில் இருப்பது ஒரே கல் என்பது மக்கள் வழக்கு. பல கற்களை இசைத்து அமைத்ததே அது என்பர் ஆராய்ச்சியாளர். எவ்வாறாயினும் மனித உழைப்பின் பெருமை குறையாது. மன்னன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், 275-ஆம் நாளில், கி.பி. 1010-இல், விமானத்து ஸ்தூபியில் வைக்கப் பொற்றகடு போர்த்த செப்புக் குடத்தை அளித்தான். அதன் செம்பு 3,083 பலம். பொன் 2,926½ கழஞ்சு.

தான் அளித்தவற்றோடு தமக்கை குந்தவையாரும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். வீரசோழன் குஞ்சரமல்லன் என்னும் சிற்பிக்குத் தன் பெயரையே சூட்டி, இராஜராஜப் பெருந்தச்சன் என விளங்கச் செய்தான். நாவிதர்க்கும் அத்தகைய பட்டம் அளித்தான். பல தளிகளிலிருந்து வந்த தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பெயர்களும், அவர்தம் வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லாகிய பங்கும் பொறிக்கப்பட்டுள்ளன. திருப்பதியம் பாடுவார்க்கும், இடையர்க்கும், கணக்கர்க்கும் நிவந்தங்கள் வகுக்கப்பட்டன. ஒரு விளக்கெரிக்க 96 ஆடுகள் வைத்தனர். தொழிலாளி ஒருவர் மறைந்தால் அடுத்த உறவினர் பங்கைப் பெறுவர். அவர் தகுதியற்றவராயின் தக்க ஒருவரை அமர்த்துதல் வேண்டும். ஊரவையார் கோயிற் பொன்னைக் கடனாகப் பெற்று, எட்டுக் காசுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு காசு வட்டி செலுத்தினர்.

ஆயினும், மலையினின்று கல்லை இழுத்துவந்த தோள்களின் பெயர்கள் அக்கல்லில் இல்லை. இறைவனது நினைவில் மட்டுமே நிற்கும் தொண்டு அது.

கி.பி. 1014-இல் மன்னன் மறைந்தான். அவன் பூண்ட பட்டங்களுள் சிவபாதசேகரன் என்பது, சிவபெருமான் திருவடியைத் தலைக்கு அணியாகக் கொண்டவன் எனப் பொருள்படும். பேரரசனும் அடியவனாகவே நின்ற அச்சந்நிதியில் 2020-ஆம் ஆண்டிலும் குடமுழுக்கு நிகழ்ந்தது. பொருளால் உதவுவோரும் உடலால் உழைப்போரும் ஒருங்கே அடியார் என்பதே இம்மன்னன் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை. திருப்பணிக் கணக்கில் பெயர் ஏறியவர்க்கும் ஏறாதவர்க்கும் பெருவுடையார் திருவருள் பெருகுக!