காட்டுச் செடிகளின் பயணத்தைக் குரோமோசோமில் தேடிய ஜானகி அம்மாள்

காட்டுச் செடியொன்று புதிய நிலத்தில் குடியேறி வேரூன்றும்போது அதன் மரபுப் பொருளில் நிகழும் மாற்றம் என்ன? இக்கேள்விக்கு விடை தேடுவதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் இந்தியத் தாவரவியல் அறிஞர் இ.கே. ஜானகி அம்மாள்.

தலச்சேரியில் 1897 நவம்பர் 4-ஆம் தேதி பிறந்த அவர், சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் தாவரவியலில் முனைவரான முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் அவர்.

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியில் சேர்ந்தார். ஆற்றங்கரைகளில் தானாக வளரும் காட்டுக் கரும்பான நாணல் அங்கு அவரது ஆய்வுப் பொருளாயிற்று. இடத்துக்கு இடம் நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடுகிறது. பெண் என்பதாலும் பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர் என்பதாலும் பாகுபாட்டை எதிர்கொண்ட நிலையிலும், கரும்பை மக்காச்சோளத்துடன் கலப்பினம் செய்து அவர் சாதனை புரிந்தார்.

1940-இல் இங்கிலாந்து சென்ற அவர், சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டார். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

அவரது கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது இமயமலை. குளிரும் வறட்சியும் நிலவும் வடமேற்குப் பகுதியைவிட, குளிரும் ஈரமும் மிக்க வடகிழக்கில் பன்மடியத் தாவரங்கள் மிகுந்திருப்பதை அவர் கண்டறிந்தார். இரண்டு தொகுதிகளுக்கு மேல் குரோமோசோம்களைக் கொண்டவையே பன்மடியத் தாவரங்கள். சீன, மலேயப் பகுதிகளின் தாவரங்கள் வடகிழக்கில் உள்ளூர் இனங்களைச் சந்தித்துக் கலந்ததால் புதிய இனங்கள் பெருகின என்பது அவரது கருத்து.

இத்தகைய கலப்பினங்கள் பெரும்பாலும் மலட்டுத்தன்மை கொண்டவை. பெற்றோரின் குரோமோசோம்கள் சரிவர இணைசேராததே அதற்குக் காரணம். குரோமோசோம்கள் இரட்டிப்பானால் ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்து, வளமான விதை உருவாகும். கூடுதலாக உள்ள மரபணுப் பிரதிகள் மாற்றங்களுக்கு இடமளிக்கின்றன. அவற்றுள் புதிய சூழலுக்குப் பொருந்துபவை தலைமுறைகளாக நிலைபெறுகின்றன.

ஆகவே, ஒரு காடு அழிந்தால் மரங்களோடு இந்த நீண்ட வரலாறும் அழியும் என்பதை ஜானகி அம்மாள் உணர்ந்திருந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கவிருந்த நீர்மின் திட்டத்தை முதிய வயதில் எதிர்த்த அவர், அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார்.

சென்னையை அடுத்த மதுரவாயலில் 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி அவர் காலமானார். ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.