சிவப்பு ஸ்கூட்டரில் போன பயிற்றுநர்

வாவியோரம் இருக்கும் புனித மிக்கேல் கல்லூரியில் ஒருகாலம் கூடைப்பந்து ஆடியவர்களிடம் பேச்சுக்கொடுத்தால், சுற்றிச்சுற்றி ஒரே ஆளிடம்தான் வந்து நிற்பார்கள்: யூஜின் ஹேபியர் அடிகளார். வென்ற ஆட்டங்களைவிட அவரிடம் ஏச்சு வாங்கிய ஆட்டங்களைத்தான் என்னிடம் அதிகம் சொன்னார்கள். கோட்டுக்கு வெளியே நின்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் கேட்கிறதாம்.

அமெரிக்காவின் லூசியானாவில் 1923இல் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1948இல் இலங்கை வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் படிப்பித்தார், கூடைப்பந்தும் பழக்கினார். பிறகு மட்டக்களப்பு. இங்கே ஒரு தொழில்நுட்ப நிலையத்தை நடத்தி இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்தார். ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

1990 யூனில் யுத்தம் மறுபடி மூண்டது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். தெருவில் இறங்கவே எல்லோரும் பயந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில்தான், 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தன் சிவப்பு ஸ்கூட்டரில் புறப்பட்டார். வழி ஏறாவூருக்கூடாக. அப்போது அவருக்கு வயது 66.

வந்துசேரவில்லை. உடல் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. யார் செய்தது என்பதற்கும் இதுவரை பதிலில்லை. அப்போது நான் கைக்குழந்தை. ஆனாலும் காணாமல் போனோர் பற்றி எழுதப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் இதே கதையின் இன்னொரு பிரதியைத்தான் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல். அடிகளாரை உருகி உருகி நினைப்பவர்களில் பலர், அன்று ஸ்கூட்டரின் பின்னால் இருந்து போன தமிழ்ப் பொடியனைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.