கொல்லிமலை மாணவர் கையில் இருக்கும் அந்தச் சான்றிதழ்... யார் இந்த ஜெய்பால் சிங் முண்டா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ காலேஜ் சேரப் போகும் மாணவர்கள் பலர் மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவர்கள். சாதிப் பெயரைச் சொன்னதும் கேரளாவா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் மிகப்பெரிய பழங்குடி இவர்கள்தான்னு பக்கத்து பெஞ்சுக்கே தெரியாது. அட்மிஷனுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் கையில் இருப்பது ஒரு எஸ்.டி. சான்றிதழ்.

அந்தச் சான்றிதழின் கதையில், அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காகப் பேசிய ஒருவர் இருக்கிறார். அவரும் மலைக்காட்டில் இருந்து கல்லூரிக்குப் போனவர்தான்.

மாடு மேய்த்த ஊரில் இருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு

ஜெய்பால் சிங், 1903-ல் ராஞ்சிக்கு அருகே குந்தி பகுதியில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தார். ராஞ்சி செயின்ட் பால்ஸ் பள்ளியில் அவரது திறமையைக் கவனித்த தலைமை ஆசிரியர் காஸ்கிரேவ், மேல்படிப்புக்காக அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

1922-ல் ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. அது இங்கிலாந்தில் இந்திய மாணவர்களுக்குச் சுலபமான காலம் இல்லை. அவர்களின் பிரச்னைகளை விசாரிக்க, 1921-ல் லிட்டன் தலைமையில் கமிட்டியே போட வேண்டியிருந்தது. அங்கே பொருளாதாரம் படித்தார், ஹாக்கியில் பல்கலைக்கழகத்தின் உயரிய 'ப்ளூ' கௌரவத்தையும் வாங்கினார்.

ஐ.சி.எஸ்ஸா, ஹாக்கியா?

ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆகும் வாய்ப்பு வந்தது. லீவ் கேட்டார், கிடைக்கவில்லை. ஆனாலும் போனார். லீக் ஆட்டங்களில் அணியை வழிநடத்தினார். கருத்து வேறுபாட்டால் இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. நெதர்லாந்தை 3-0 என வீழ்த்தி இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வென்றது.

லீவ் இல்லாமல் போனதற்காக, பயிற்சியை இன்னொரு வருஷம் தொடரச் சொன்னார்கள். அவர் ஐ.சி.எஸ்ஸையே விட்டுவிட்டார். பிறகு கானாவின் அச்சிமோட்டா கல்லூரியிலும், மன்னர் குடும்பப் பிள்ளைகள் படித்த ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தார்.

சபையில் ஒலித்த குரல்

1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 டிசம்பர் 19 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, காட்டுவாசி என்று பிறர் இளக்காரமாகச் சொல்லும் பெயரையே பெருமையாக ஏற்றுக்கொண்டார். ஜனநாயகத்தை ஆதிவாசிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடம் இருந்துதான் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆதிவாசி என்ற சொல்லே வேண்டும் என்று கடைசிவரை போராடினார். அது ஏற்கப்படவில்லை, பட்டியல் பழங்குடி என்ற பெயரே நிலைத்தது.

அந்த அரசியலமைப்பின் 46-வது பிரிவு பழங்குடிகளின் கல்வியைக் காக்கும் பொறுப்பை அரசிடம் கொடுக்கிறது. கல்லூரி இட ஒதுக்கீட்டுக்கான 15(4), சென்னை மாகாண ஒதுக்கீடு பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, 1951-ல் சேர்ந்தது. 342-வது பிரிவின்படி வரும் பட்டியல்தான் யார் எஸ்.டி. என்று முடிவு செய்கிறது.

இன்னும் முடியாத கணக்கு

சிக்கலும் அந்தப் பட்டியலில்தான். அதில் மலையாளி என்ற பெயரோடு சேலம், தருமபுரி, வட ஆற்காடு எனச் சில பழைய மாவட்டங்களின் பெயர்களும் உண்டு. நாமக்கல், சேலத்தில் இருந்து பிரிந்த மாவட்டம் என்பதால் கொல்லிமலை மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே மலையாளி மக்கள், தங்களையும் சேர்க்கச் சொல்லிப் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். சான்றிதழ் இல்லாததால் அங்கே பள்ளியோடு படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் உண்டு.

சுதந்திரத்துக்குப் பின் ஜார்க்கண்ட் கட்சியைத் தொடங்கி, தனி மாநிலம் கேட்டு, எம்.பி.யாகவும் இருந்த ஜெய்பால் சிங் 1970 மார்ச் 20-ல் டெல்லியில் காலமானார். ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.