சுவிசேஷ கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார்

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களிலே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகள் அமைந்த கீர்த்தனைகள் ராகமும் தாளமும் பிறழாது பாடப்படுவதை நம் நேயர்களுள் கேளாதார் இரார். மார்கழியில் வரும் கிறிஸ்து பிறப்புத் திருநாளிலும், தபசு காலத்திலும், உயிர்த்தெழுந்த திருநாளிலும் இவ்வோசை எழுகின்றது. இஃது இயல்பாகவே வந்தமைந்த வழக்கம் என்பது பலர் எண்ணம். ஆயின் ஒரு காலத்தில் இவ்வழக்கம் விலக்கப்பட்டது என்பதையும், இதற்காக வாதாடிய பெரியார் ஒருவர் தம் ஜீவனத்தையே இழந்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவர்தாம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவரின் வேறானவர், காலத்தாலும் பிற்பட்டவர்.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலே தேவசகாயம் என்பாருக்கும் ஞானப்பூ அம்மையாருக்கும் மைந்தராய்ப் பிறந்தார். தஞ்சையில் வேதப்பணி புரிந்துவந்த ஜெர்மானியராகிய சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிக்கு வந்தபோது இச்சிறுவரின் கூர்மையைக் கண்டு தம்முடன் அழைத்துச் சென்றார். அவ்வையரின் பாதுகாப்பிலேயே இளவரசர் சரபோஜியும் கல்வி பயின்றார். அரச குமாரரும் ஏழைப் புலவர் மகனும் ஒரே ஆசானை அடைந்த இவ்வரிய தொடர்பு பிற்காலத்தில் எவ்வாறு உதவிற்று என்பதைக் கீழே காண்போம். தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டு, வேத சாஸ்திரத்தோடு வான நூல், கணிதம் முதலியனவும் கற்றுத் தேர்ந்து, தம் இருபதாம் வயதையொட்டியே தஞ்சையில் ஆசிரியராய் அமர்ந்தார். 1798-இல் சுவார்ட்ஸ் ஐயர் காலமாயினார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார்.

அந்நாளைத் தஞ்சை இசைக்கு உறைவிடம். தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் வாழ்ந்த காலமும் அதுவே. ஆலயங்களிலோ, ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து அம்மேல்நாட்டு மெட்டிலேயே பாடுவது முறையாயிருந்தது. அப்பாட்டுகளைச் சாஸ்திரியார் வெறுத்தாரல்லர். எனினும் தமிழ்க் காது பழகிய ராகத்திலும் தாளத்திலும் வந்தாலன்றிப் பொருள் நெஞ்சில் பதியாது என்பதை நன்குணர்ந்தார். குறவஞ்சி, கும்மி, ஏற்றப்பாட்டு, கப்பற்பாட்டு என நாட்டார் நாவில் நடமாடிய உருவங்களையெல்லாம் எடுத்துத் தம் சமயப் பொருளை அவற்றுள் அமைத்தார்.

இவற்றுள் 1800-ஆம் ஆண்டளவில் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி தலையாயது. குறவஞ்சியிலே உலாவரும் தலைவனைக் கண்டு காதலுற்ற தலைவிக்குக் குறத்தி குறி சொல்வாள். குறவன் கண்ணி வைத்துப் பறவை பிடிப்பான். சாஸ்திரியாரோ திருச்சபையைத் தேவமோகினி என்னும் தலைவியாக்கினார், விசுவாசத்தைக் குறத்தியாக்கினார், பறவை பிடித்தலை ஆன்மாக்களைச் சேர்க்கும் போதகத் தொழிலாக்கினார். அன்றியும், பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்னும் கொபர்னிக்கஸின் வான நூற் கொள்கையையும் அந்நூலில் பாட்டாக்கி வைத்தார். ஆங்கிலப் பள்ளிகள் மலிவதற்கு வெகு காலம் முன்னரே இப்புதுச் செய்தி தமிழ்ச் சிந்தின் வாயிலாய் ஒலித்தது வியப்பன்றோ?

பழைய ஐயர்மார் மறைந்தபின் வந்த இளைய ஐரோப்பியப் போதகர் வேறு நோக்கினர். நாட்டு மெட்டும் நாட்டு வாத்தியமும் கோயிற் சடங்கையும் சதிர்க்கச்சேரியையும் நினைப்பூட்டும் என்று கருதினர். வழிபாட்டிலிருந்து கீர்த்தனைகள் நீக்கப்பட்டன; திருநாட்களில் பூ அணிதல் கடியப்பட்டது; வழக்கிலிருந்த தமிழ் வேத மொழிபெயர்ப்பும் மாற்றப்படலாயிற்று; சாதி பிரித்து அமரும் முறையும் ஒழிக்கப்பட்டது. இந்நான்கையும் கொடுமைகளெனச் சாஸ்திரியார் எழுதி வாதித்தார். 1829-ஆம் ஆண்டில் மிஷன் உத்தியோகத்தினின்றும் நீக்கப்பட்டார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து.

ஈண்டு நாம் நடுநிலை பிறழாது ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். இசைக்காகவும் மொழிக்காகவும் அவர் நின்ற நிலையை நாம் போற்றுகின்றோம். சாதிப் பிரிவினைக்காக நின்ற நிலையைப் போற்ற இயலாது. சாதியின் பெயரால் கூடிய சங்கத்தின் ஏட்டிலே இதனை மறைத்தல் எளிது. ஆதலினாலேயே வெளிப்படக் கூறுகின்றோம். பெரியாரின் குணத்தைக் கொள்வதற்கு அவர்தம் குற்றத்தையும் குணமெனச் சாதித்தல் வேண்டா. அவர் இயற்றிய பாடல்களே அவர் வகுத்த எல்லையைக் கடந்து எல்லார் நாவிலும் ஏறின.

வேலையிழந்த புலவரை உடன் பயின்ற சரபோஜி கைவிட்டாரல்லர். தம் அவைக்களப் புலவராய் ஏற்று ஆதரித்தார். தம் குலதெய்வத்தின்மேல் பாடுமாறு மன்னர் வேண்டியபோதும் இவர் பணிவுடன் மறுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி.

காலம் மாறிற்று. மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த வெப் ஐயர் 1853-ஆம் ஆண்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறந்த இடம் பெற்றன. விலக்குண்ட இசை இருபத்துநான்கு ஆண்டுகளில் அச்சேறி ஆலயம் புகுந்ததைக் கண்குளிரக் காணும் பேறு அவர்க்கு வாய்த்தது. 1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் தம் எண்பத்தொன்பதாம் வயதில் உலக வாழ்வை நீத்தார். அவர்தம் வழியினர் அவ்விசைத் தொண்டைத் தலைமுறை தலைமுறையாய்ப் போற்றி வருகின்றனர்.

அன்பர்களே! சமயம் எதுவாயினும் ஆகுக. வழிபடுவோன் தன் தாய்மொழியில், தான் பிறந்த மண்ணின் பண்ணில் பாடும் உரிமை சிறிதன்று. அவ்வுரிமைக்காக ஒருவர் ஊதியத்தை விடுத்தார். நாம் அதனை விலையின்றிப் பெற்றோம். நம் இல்லங்களில் மறைந்துவரும் கும்மியும் ஏற்றப்பாட்டும் நம் மக்கள் நாவில் நிலைபெறச் செய்வோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் ஆற்றும் கைம்மாறாகும்.