ஐஸ் ஹவுஸும் சிஸ்டர் சுப்பலட்சுமி அம்மையாரும்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தபடி, அரைவட்ட முகப்புடன் நிற்கும் கட்டடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். திருவல்லிக்கேணிவாசிகளுக்கு அது என்றும் ஐஸ் ஹவுஸ்தான். சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியது அனைவரும் அறிந்த செய்தி. அதே மாளிகையில் தமது வாழ்நாளின் முக்கியமான ஆண்டுகளைக் கழித்த ஒரு தமிழ்ப் பெண்மணியின் வரலாறு அவ்வளவாக நம் இளைய தலைமுறைக்குத் தெரியாது. அவர்தான் சிஸ்டர் சுப்பலட்சுமி அம்மையார்.

முதலில் மாளிகையின் கதை. அமெரிக்காவில் வாழும் நமக்கு அதில் ஒரு உறவு உண்டு. பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் என்பவர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-ல் முதல் கப்பல் கல்கத்தா சேர்ந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842-ல் கட்டப்பட்டது. மூன்றில் இன்று எஞ்சி நிற்பது அது ஒன்றே. பின்னாளில் இந்தியாவிலேயே இயந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியதும் டியூடரின் வியாபாரம் நொடித்தது.

கட்டடத்தைச் சென்னை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, வீடாக மாற்றி, உயர்நீதிமன்ற நீதிபதி கெர்னன் மீதிருந்த மதிப்பினால் கெர்னன் கோட்டை என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் இங்கே தங்கினார். சென்னை அன்பர்கள் வேண்டிக்கொண்டதற்கு இணங்கி அவர் அனுப்பி வைத்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர், அந்த ஆண்டிலேயே இந்த மாளிகையில் மடத்தின் பணியைத் தொடங்கினார். 1902-ல் ஐயங்கார் காலமானார். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. மடம் மயிலாப்பூருக்குப் பெயர்ந்தது. அதே 1906-ஆம் ஆண்டு ஜனவரியில்தான், நமக்கு அருகிலுள்ள சான் பிரான்சிஸ்கோவில், சுவாமி திரிகுணாதீதர் கட்டிய வேதாந்த ஆலயம் திறக்கப்பட்டது.

இனி அம்மையாரின் கதைக்கு வருவோம். சுப்பலட்சுமி 1886 ஆகஸ்டு 18-ல் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த குடும்பம். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு வட்டாரத்திலேயே முதலாவதாகத் தேறினார். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. மணமான சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார். கணவர் என்றால் என்ன, விதவை என்றால் என்ன என்று விளங்காத பருவத்திலேயே அந்தப் பெண்ணின் வாழ்வு முடிந்துவிட்டதாக ஊர் எண்ணியது.

அந்நாளில் உயர்குலத்துக் குழந்தை விதவையின் நிலை நம்மில் பலருடைய பாட்டிமார்கள் சொல்லக் கேட்டதுதான். பருவமடைந்ததும் தலைமுடி களைதல், நார்மடிப் புடவை, ஒரு வேளை உணவு, சமையலறை மூலை, சுப காரியங்களில் எதிரே வரக்கூடாது என்ற ஏச்சு. சுப்பலட்சுமியின் பெற்றோர் இதற்கு உடன்படவில்லை. உற்றார் உறவினரின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் மகளைப் படிக்க வைக்கத் தீர்மானித்தனர். தந்தையே வீட்டில் ஆங்கிலம் கற்பித்தார். இளம் வயதிலேயே விதவையான சித்தி வாலாம்பாள் துணை நின்றார். பிறகு கன்னிமாடத்துப் பள்ளியில் சேர்ந்தார். பிறருக்காகவே வாழ்ந்த அங்குள்ள கன்னியாஸ்திரீகள் அவர் மனத்தில் ஆழப் பதிந்தனர். அவர் மதம் மாறவில்லை. ஆனால் தம் வாழ்வையும் அவ்வாறே ஒரு பணிக்கு அர்ப்பணிக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றியது. சிஸ்டர் என்ற பெயரும் அவருக்கு நிலைத்தது. 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்ற பெருமை பெற்றார்.

பட்டம் பெற்றதும் அவர் தமக்கு வசதியான வாழ்வைத் தேடவில்லை. 1912-ல் எழும்பூரில், நான்கு குழந்தை விதவைகளுடன் ஒரு சிறு இல்லம் தொடங்கினார். சாரதா மகளிர் சங்கமும் அந்த ஆண்டில் உருவாயிற்று. இங்கே ஒரு நடைமுறை நுட்பம் உண்டு. பெண்கள் பள்ளிக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் அரசாங்கம் திண்டாடிக்கொண்டிருந்தது. ஆண்கள் கற்பிக்கும் பள்ளிக்குப் பெண்களை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மறுபுறம், படிக்க வைத்தால் ஆசிரியையாகக் கூடிய இளம் விதவைகள் வீட்டு மூலைகளில் முடங்கிக் கிடந்தனர். ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கும் என்று சிஸ்டர் கண்டார். பெண்கள் பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அதிகாரி அரசாங்கத்தின் ஆதரவைப் பெற்றுத் தந்தார்.

பெண்கள் எண்ணிக்கை பெருகியது. இடம் போதவில்லை. அப்போதுதான் ஏலம்போன கடற்கரை மாளிகை நினைவுக்கு வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இல்லம் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. வீட்டு மூலையை விட்டு நகர அனுமதியில்லாதிருந்த பெண்கள், வங்கக் கடலை நோக்கிய மாடத்தில் அமர்ந்து பாடம் படித்தார்கள். 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி அதே சாலையில் இருந்தது. உயர்கல்விக்கு வழி திறந்தது. 1922-ல் அருகிலேயே லேடி வெல்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அதன் முதல் முதல்வர் சிஸ்டர்தான். 1927-ல் சாரதா வித்யாலயா பிறந்தது. பின்னாளில் அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்தியது.

எதிர்ப்பு இரண்டு பக்கமும் இருந்தது. வைதிகர்கள் சாஸ்திரம் கெடுகிறது என்றனர். சீர்திருத்தக்காரர்களோ, இல்லத்தில் ஆசாரம் அதிகம், பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடம், மறுமணத்தைக் கொள்கையாக ஏற்கவில்லை என்று குறை சொன்னார்கள். இந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் ஆசாரக் குடும்பத்துத் தகப்பனார் தம் பெண்ணை நம்பி ஒப்படைக்காவிட்டால் அந்தப் பெண் வெளியே வரவே வழியில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிஸ்டர் முதலில் கதவைத் திறக்க நினைத்தார். குழந்தை மணத்தைப் பொறுத்தவரை அவர் தயங்கவே இல்லை. அரசு ஊழியராக இருந்தும் 1928-ல் ஜோஷி குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அடுத்த ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம், பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 என்று வகுத்தது.

ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. 1942-ல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். 1954-ல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேவை மையம். 1956-ல் மயிலாப்பூர் மகளிர் மன்றம் பள்ளி தொடங்க ஊக்கமளித்தார். அதுவே இன்றைய வித்யா மந்திர். 1958-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி நன்னாளில் இறைவனடி சேர்ந்தார்.

ஐஸ் ஹவுஸ் 1963-ல், சுவாமிஜியின் நூற்றாண்டையொட்டி, விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. 1997-ல் தமிழக அரசு அதை ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. இப்போது அங்கே கண்காட்சி நடைபெறுகிறது.

கோடை விடுமுறையில் குழந்தைகளுடன் சென்னை செல்லும் அன்பர்கள் கோயில்களோடு இந்த இல்லத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவாமிஜியின் அறையை வணங்கிய பிறகு, கடலை நோக்கிய மாடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். இங்கே மில்பிடாஸில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய் வரும் நம் பெண்களுக்கு அது இயல்பான காரியம். நான்கு தலைமுறைக்கு முன் அது எத்தனை பெரிய போராட்டமாக இருந்தது என்பதை அந்த இடத்தில் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.